ஆபத்பாந்தவன் ஆட வரும்போது

பேஸ்பால் எனக்குக் கால் வலியாகத்தான் அறிமுகமானது. எண்பதுகளின் நடுவில், நியூஜெர்சி பிஸ்கட்டவேயில், ஓர் அபார்ட்மென்டின் சமையலறைக் கதவோரம் நின்றே ஓர் அணியின் வெற்றி தோல்விகளைத் தாங்கியவள் நான். உட்காரக் கூடாது. சாய்ந்துகொள்ளலாம், அதுவும் இடது பக்கமாக. கையில் ஒரு தட்டு இருக்க வேண்டும். தட்டில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் இருந்தால் நல்லது என்று கூடத்தில் உட்கார்ந்திருந்த இருவரும் அபிப்பிராயப்பட்டார்கள்.

இருவரில் ஒருவர் இவர். இவர் என்று நான் சொன்னால் என் கணவர். மருந்துக் கம்பெனியில் இன்ஜினியர். மற்றவர் மாடியில் தனியாகக் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர், இவரைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரை நான் அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். சனி ஞாயிறு மத்தியானம் ஆட்டம் இருந்தால் தன் வீட்டு டிவியை அணைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்துவிடுவார். தனியாகப் பார்த்தால் தோற்றுவிடுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். உண்மைக் காரணம் பஜ்ஜி என்று நான் நினைத்தேன். அதுவும் உண்மைக் காரணம் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

எங்கள் அணி ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கில் இருந்தது. அதில் ஒருவர் இருந்தார். பார்க்க ஒன்றும் பெரிய ஆள் இல்லை, ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் ஆட்டம் கையை விட்டுப் போகிற நேரத்தில், கடைசி இன்னிங்ஸ்களில், மைதானத்து மூலைப் பேஸ்களில் இரண்டு பேர் வீடு திரும்பி ரன் சேர்க்கக் காத்து நிற்கும்போது வந்து அடித்துக் கொடுப்பார் என்று பெயர். இவர் அவருக்கு ஆபத்பாந்தவன் என்று பெயர் வைத்தார். கடவுளுக்குச் சொல்கிற பேரைப் போய் ஒரு மட்டைக்காரனுக்கு வைக்கலாமா என்று கேட்டேன். வேளைக்கு உதவுகிறவன் எவனாக இருந்தாலும் அந்தப் பேர் பொருந்தும் என்றார். கூடத்தில் அன்று முதல் அதுதான் பெயர்.

நான் எப்படி இதில் மாட்டிக்கொண்டேன் என்றால், முதல் வருஷக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு பஜ்ஜித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தினுசைப் பார்த்து, குறுக்கே போக வேண்டாம் என்று கதவோரமே நின்றேன். அந்தப் பந்தை ஆபத்பாந்தவன் மைதானத்துக்கு வெளியே அடித்தார். அவ்வளவுதான். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ரேடியோவில் கிரிக்கெட் கமென்ட்ரி கேட்டு வளர்ந்த ஆண்கள் இவர்கள். விக்கெட் விழாமல் இருக்க வேண்டுமே என்று பாத்ரூம்கூடப் போகாமல், உட்கார்ந்த நாற்காலியை ஓர் அங்குலம் நகர்த்தாமல் மணிக்கணக்கில் இருந்தவர்கள். கடல் தாண்டி வந்தும், ஆட்டம் மாறியும், அந்தப் புத்தி மாறவில்லை. ராசி என்று ஒன்று கிடைத்துவிட்டால் அதை விடமாட்டார்கள்.

"இந்தா, அவன் வந்துட்டான், சீக்கிரம் வா" என்று இவர் குரல் கொடுப்பார். நான் படுக்கையறையில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வர வேண்டும்.

"கதவடியிலை நில்லுங்கோ தங்கச்சி. தட்டு, தட்டை மறந்து போனியள்" என்பார் அண்ணா.

அந்தப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சென்னையில் படித்த டாக்டர். இங்கே அது எதற்கும் உதவாது. வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கென்று இரண்டு நாள் பரீட்சை ஒன்று உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை, குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. அதில் தேறினால்தான் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் மறுபடி பயிற்சி டாக்டராகச் சேர முடியும். அதுவரைக்கும் நான் முதியோர் இல்லம் ஒன்றில் காலை ஷிஃப்டில் உதவியாளர். தாத்தாக்களையும் பாட்டிகளையும் புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது. மத்தியானம் வீட்டுக்கு வரும்போது முதுகு இரண்டாகப் பிளந்ததுபோல் இருக்கும். அதற்குப் பிறகு படிப்பு. சனி ஞாயிறு படிப்போடு சேர்த்துக் கதவோர உத்தியோகம்.

இது மட்டும் என்றால் இதை இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் எங்களோடு இல்லை.

பத்து மாதக் குழந்தையாக இருக்கும்போது அவளைத் திருச்சியில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். ஊருக்குப் போகிற ஓர் ஆன்ட்டி மடியில் வைத்துக்கொண்டு போனார். இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் ஆட்களில் பரீட்சை எழுத வேண்டியிருந்த பெண்கள் பல பேர் செய்ததுதான். டேகேரில் விட்டால் என் சம்பளம் அப்படியே அங்கே போகும், வீட்டில் வைத்துக்கொண்டால் படிப்பு போகும். நம் வீட்டு மனிதர்களிடம் நம் சாப்பாடு சாப்பிட்டு வளரட்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் அந்தக் குரலில் ஒருத்தி. அக்காவுக்கு இரண்டு பையன்கள், பெண் குழந்தை இல்லையே என்று குறை.

"ரெண்டோட மூணா வளந்துட்டுப் போகுது. நீ நிம்மதியா எழுதி பாஸ் பண்ணு. பண்ணின மறுநாளே வந்து கூட்டிக்கோ" என்றாள் போனில்.

ஆகவே கணக்கு சுலபமானது. நான் தேறினால் குழந்தை வரும். தேறாவிட்டால் அடுத்த பரீட்சை வரைக்கும் வராது. ஆறேழு மாதத்தில் முடிந்துவிடும் என்று அனுப்பினோம். அனுப்பிய பிறகு வந்த கோடைப் பரீட்சையில் நான் தேறவில்லை. குளிர்காலத்திலும் தேறவில்லை.

ஏன் தேறவில்லை என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கேள்விகள் எல்லாம் ஒரு நோயாளியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இப்போது என்ன செய்வாய் என்று கேட்கிற கேள்விகள். அறுபது வயது ஆண், நெஞ்சு வலி. நாற்பது வயதுப் பெண், பித்தப்பையில் கல். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நடுவில் திடீரென்று ஒரு குழந்தை வரும். ஒரு வயதுப் பெண் குழந்தை, மூன்று நாளாகக் காய்ச்சல், தாய் தூக்கிக்கொண்டு வருகிறாள். அங்கே நான் நின்றுவிடுவேன். என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எந்த டாக்டரிடம், அந்த டாக்டர் என்ன ஊசி போடுவார் என்று மனசு திருச்சித் தெருக்களில் அலைந்துவிட்டுத் திரும்பும்போது கடிகாரம் எங்கேயோ போயிருக்கும். அப்புறம் வருகிற பித்தப்பைக் கல்லும் தப்பாகும்.

இவருக்கு வேறு விளக்கம் இருந்தது. இரண்டாவது தடவை தேறாத செய்தி வந்து சில நாள் கழித்து, ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"உனக்குத் தெரியாதது இல்ல. கோச்சிங் சென்டர்ல உன்னவிட மக்கு எல்லாம் பாஸ் பண்ணிட்டு ரெசிடென்ஸி போயிட்டான். உனக்கு சப்ஜெக்ட் பிராப்ளம் இல்ல. பிரஷர்ல ஃப்ரீஸ் ஆயிடற. அவனப் பாரு. கிரவுண்டே எழுந்து நின்னு கத்துது, அசராம நின்னு அடிக்கிறான். பிரஷர் வந்தாதான் ஆளே எழுந்திருக்கான். சில பேர் அப்படி."

"சில பேர் இப்படி" என்றேன்.

"நான் குத்தம் சொல்லல."

"அவன் அடிக்கலன்னா என்னங்க ஆகும்? ஒரு மேட்ச் போகும். அவன் புள்ளைய எவனும் ஊர்லயே வெச்சுக்கப் போறதில்ல."

இவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார். சொன்ன பிறகு எனக்கும் சாப்பிடப் பிடிக்கவில்லை. இவர் கெட்டவர் இல்லை. பாத்திரம் கழுவினார், துணி துவைத்தார், கோச்சிங் சென்டருக்குப் பனியில் காரோட்டிக்கொண்டு வந்து வாசலில் காத்துக் கிடந்தார். ஆனால் ஆண்களிடம் ஒரு கோளாறு உண்டு. ஒரு ஆளைப் பிடித்துப்போய்விட்டால் வீட்டில் உள்ளவர்களை எல்லாம் அவனோடு நிறுத்தி அளந்து பார்ப்பார்கள்.

அடுத்த சீசன் தொடங்கியது. பிறகு ஒரு சனிக்கிழமை, ஆபத்பாந்தவன் ஆட வந்தபோது இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், தனக்குள் பேசுகிற குரலில், "இன்னிக்கு இவன் அடிச்சான்னா, அவ பாஸ்" என்றார். எனக்குக் கேட்டுவிட்டது என்று இவருக்குத் தெரியாது. அண்ணா தலையாட்டினார். ஆபத்பாந்தவன் அடித்தார். இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர் அணிக்காக அந்த சோபா நுனியில் உட்கார்ந்திருக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி மனசுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தாரோ. படித்த மனிதர், தொழிற்சாலையில் பாய்லருக்கும் வால்வுக்கும் பொறுப்பானவர். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அன்றிலிருந்து யாரும் கூப்பிடாமலே தட்டை எடுத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றேன். நானும் படித்தவள்தான்.

வாரநாட்களில் சில மத்தியானங்களிலும் ஆட்டம் உண்டு. முதியோர் இல்லத்திலிருந்து வந்து, ஒரு பக்கெட்டில் சுடுதண்ணீரும் உப்பும் போட்டு, அதில் காலை விட்டுக்கொண்டு டிவியைப் போடுவேன். படிக்க வேண்டும் என்று தெரியும். உடம்பு கேட்காது. அப்படி ஒருநாள் எங்கள் அணி மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மழை வரும்போல் இருந்தது. அந்த ஆட்டத்தில் இனி ஒன்றும் மிச்சமில்லை. ஆபத்பாந்தவன் வந்தார்.

நான் உட்கார்ந்திருந்தேன். கையில் தட்டும் இல்லை. அவர் என்ன செய்கிறார் என்று முதல் தடவையாகச் சாவகாசமாகப் பார்த்தேன். மட்டையால் ஷூவின் அடியைத் தட்டி மண்ணை உதிர்த்தார். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். கோட்டுக்குள் வந்து நின்றார். ஒரு பந்தை அடிக்காமல் விட்டார். மறுபடி வெளியே வந்து, மண்ணைத் தட்டி, கையுறையை இழுத்துவிட்டு, உள்ளே போனார். எல்லாமே ஞாயிற்றுக்கிழமை, கிரவுண்டு முழுக்கக் கத்தும்போது செய்கிற அதே வேலை. அதே முகம். சொல்லப்போனால் சலித்துப்போன முகம், காலை ஷிஃப்டுக்கு வந்து கார்டு பஞ்ச் பண்ணுகிறவனின் முகம். சின்னதாக ஓர் அடி அடித்து முதல் பேஸுக்கு ஓடினார், வழக்கம்போல் மூச்சு வாங்கிக்கொண்டு. கை தட்ட ஆள் இல்லை.

அதற்கப்புறம் நான் அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். கதவோரத்திலும், பக்கெட்டில் கால் விட்டபடியும். ஒன்று தெரிந்தது. நெருக்கடியில் அவர் அடிக்காமல் போன தடவைகள் நிறைய. ஒன்றுமில்லாத பந்துக்கு அவுட்டாகித் தலையைக் குனிந்துகொண்டு போவார். இந்த ஆட்டத்தில் பத்துக்கு மூன்று தடவை அடித்தாலே பெரிய ஆள். அதாவது பெரிய ஆளும் பத்துக்கு ஏழு தடவை தோற்கிறான். அந்த ஏழு தடவையை எங்கள் கூடம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. தட்டைத் தப்பான கையில் பிடித்தாள், அடுப்பை அணைக்கப் போய்விட்டாள் என்று அந்த ஏழு தோல்வியையும் என் தலையில் கட்டிவிடும். மூன்றை மட்டும் மாதக்கணக்கில் பேசும்.

நெருக்கடி வந்தால் அவருக்கு எந்தச் சக்தியும் கூடவில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது, அவருக்குக் குறையவில்லை. மழை வரப்போகிற செவ்வாய்க்கிழமை என்ன செய்தாரோ அதையே அப்போதும் செய்தார். அவ்வளவுதான் சமாசாரம்.

இதை நான் அண்ணாவிடம் சொன்னேன். இவர் எதற்கோ கடைக்குப் போயிருந்த நேரம். அண்ணா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நீங்க சொல்லுறது சரியா இருக்கும் தங்கச்சி. எண்டாலும் எங்களுக்குச் சொல்லாதேங்கோ. அம்மா அங்கை ஊரிலை. லைன் கிடைச்சு மாசக்கணக்கு. என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது. அவன் அடிப்பான் எண்டு நம்பிக்கொண்டு இருக்கிறதே ஒரு வேலைதானே" என்றார்.

யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. நான் அவருக்கு இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

ஆனால் நான் மட்டும் நம்பிக்கொண்டு இருக்க முடியாது, எனக்குப் பரீட்சை இருந்தது. ஆபத்பாந்தவனிடமிருந்து அந்த மண் தட்டுகிற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கண்ணாடியைக் கழற்றுவது, துடைப்பது, மாட்டிக்கொள்வது, படிப்பது. பித்தப்பைக்கும் அதே, நெஞ்சு வலிக்கும் அதே. குழந்தைக் கேள்விகளைத்தான் அதிகம் எடுத்துப் பழகினேன். முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அழுவேன், அதில் மறுபடி துடைக்க வேண்டி வரும். நாளாக ஆகச் சரியாகிவிட்டது. ஒரு வயது, ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பெண் குழந்தை, யாரோ பெற்ற பிள்ளை, வலிப்பு வந்திருக்கிறது, என்ன மருந்து, எவ்வளவு. விடை, அடுத்த கேள்வி. அந்தக் கோடையில் எனக்கு எந்தக் குழந்தையைப் பற்றி வாசித்தாலும் ஒன்றும் ஆகாது என்கிற நிலை வந்துவிட்டது. அதைச் சாதித்துவிட்டதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

நடுவில் திருச்சிக்குப் போன் போடுவோம். லைன் கிடைப்பதற்குள் அரை உயிர் போய்விடும். அக்கா குழந்தையின் வாயருகே போனை வைத்து, "பேசுடி, பேசு" என்பாள். மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். பின்னால் அவளுடைய பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு கத்துவார்கள். லைன் போய்விடும். "மூச்சு நல்லா விடறா, சளி இல்ல" என்று இவர் சொல்வார், டாக்டர் நான் பக்கத்தில் இருக்கும்போது.

பரீட்சைக்கு நியூயார்க்கில் ஒரு பெரிய ஓட்டல் ஹால். ஜூலை வெயில். இவர் காரில் ரேடியோவைக்கூடப் போடவில்லை. ஹால் வாசலில் என்னை இறக்கிவிட்டார். உள்ளே இருநூறு முந்நூறு பேர், எல்லோரும் எங்கெங்கோ ஒரு காலத்தில் டாக்டராக இருந்தவர்கள், பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் நாள் ஒரு கேள்வி வந்தது. இரண்டரை வயதுப் பெண் குழந்தை. தாய் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வேறு குறை எதுவும் தெரியவில்லை. முதலில் என்ன செய்வாய்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். வெளியே வந்தபோது எப்படி எழுதினாய் என்று இவர் கேட்டதற்கு, "எப்பவும் போலத்தான்" என்றேன். இவர் முகம் விழுந்துவிட்டது. எப்பவும் போல என்றால் இவருக்கு வேறு அர்த்தம்.

முடிவு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் சீசனின் கடைசி வாரம் வந்துவிட்டது. ஜெயித்தால் மேலே, தோற்றால் வீட்டுக்கு என்கிற ஆட்டம். அன்றைக்கு முதியோர் இல்லத்தில் ஆள் குறைவு, என்னை இன்னொரு ஷிஃப்டும் இருக்கச் சொன்னார்கள். ராத்திரி கூட்டிப்போக இவர் வந்தார். முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"கடைசி இன்னிங்ஸ். ரெண்டு பேர் பேஸ்ல. அவன்தான் வந்தான். நின்ன இடத்துலயே ஸ்ட்ரைக் அவுட்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ இல்ல. அதான்" என்றார்.

வழியெல்லாம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இவர் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கும் மனசுக்குள் பந்தயம் கட்டியிருக்கிறார், தோற்றுவிட்டார். நான் பாஸ் இல்லை என்று ஆபத்பாந்தவன் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படி எல்லாம் இல்லைங்க என்று சொல்ல நினைத்தேன். இரண்டு ஷிஃப்டு வேலை செய்த அலுப்பில் வாய் திறக்கவில்லை.

அக்டோபரில் தேறிவிட்டதாகத் தகவல் வந்தது. இவர் அண்ணாவை மாடியிலிருந்து கூப்பிட்டு, கட்டிப்பிடித்து, "அடிச்சுட்டா. பிரஷர்ல அடிச்சுட்டா. கடைசி பால்ல சிக்ஸர்" என்றார். சந்தோஷத்தில் பழைய ஆட்டத்துக்கே திரும்பிவிட்டார். அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும், தங்கச்சி அந்த மாதிரி ஆள்தான்" என்றார்.

"முதல் ரெண்டு தடவையும் நான்தாங்க எழுதினேன்" என்றேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. சந்தோஷம் எனக்கும் இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது தூக்கம். பட்டப்பகலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்தேன்.

ஆஸ்பத்திரிகளில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அதனால் நான் ஊருக்குப் போக முடியவில்லை. இவர்தான் லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்குப் போனார். இரண்டு வாரம் அக்கா வீட்டிலேயே தங்கி, குழந்தையைப் பழக்கிக் கூட்டிவருவதாக ஏற்பாடு. நான் கடைக்குப் போய் ஒரு சிவப்புக் கோட்டு வாங்கினேன். என்ன சைஸ் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். மூன்று வயது ஆகப்போகிறது என்றேன். ஒல்லியா, குண்டா, உயரமா என்றாள். டாக்டர் பரீட்சையில் தேறியவள், அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நின்றேன். அவளே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

டிசம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் சாமான் வண்டிகளுக்கு நடுவே அவர்கள் வெளியே வந்தார்கள். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, இரட்டைப் பின்னலும் கம்பளிச் சட்டையுமாக ஒரு சிறுமி. நெற்றியில் அக்கா வீட்டுச் சாந்துப் பொட்டு. அக்கா என் ஃபோட்டோவைக் காட்டியிருக்கிறாள் போலும், என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அழவில்லை, ஒளிந்துகொள்ளவும் இல்லை. நல்லபடியாக வளர்த்த பிள்ளை. இவர் கையை இழுத்துக் கேட்டாள்.

"சித்தப்பா, இவங்கதானே அமெரிக்கா சித்தி?"

அக்காவின் பையன்கள் எங்களை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி. அக்காவை அவர்கள் அம்மா என்பார்கள், இவளும் அம்மா என்றிருப்பாள். வேறு எப்படிச் சொல்வாள்? இரண்டு வருஷம் அந்த வீட்டில் அதுதான் காதில் விழுந்திருக்கிறது.

இவர் பெட்டியை வண்டியில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். இருபத்து நாலு மணி நேரம் தூங்காத கண்கள்.

"ஃப்ளைட் ஃபுல்லா சொல்லிக் குடுத்தேன்மா. அம்மா, அப்பான்னு. பிராக்டிஸ்ல எல்லாம் கரெக்டாதான் சொன்னா. இப்பக்கூட, கஸ்டம்ஸ் லைன்ல, கரெக்டா சொன்னா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

குழந்தை என் பதிலுக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு திறக்கும்போதெல்லாம் வெளியிலிருந்து குளிர் அடித்தது, அவள் கைகள் சில்லிட்டிருந்தன. நான் முட்டி போட்டு உட்கார்ந்து கோட்டை விரித்தேன்.

"ஆமாடா கண்ணு, சித்திதான். வா, கைய இப்படி விடு" என்றேன்.